இரும்புக்கும் உண்டு அயர்வு!

மயிலிறகுதானே என்று அளவின்றி ஏற்றிக்கொண்டே போனால் வண்டியின் அச்சு ஒரு நாள் முறிந்துபோகும் என்று எச்சரித்தவர் வள்ளுவர். சுமை எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அளவு மீறினால் ஆபத்து என்பது அவர் உணர்த்திய பாடம். அந்தப் பாடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அளவை ஒருபோதும் மீறாத சுமையை மட்டுமே தாங்கிவந்த அச்சும் ஒரு நாள் முறியும். அது முறிவது சுமையின் கனத்தால் அல்ல. சுமை ஏறி இறங்கிய எண்ணிக்கையால்.

இந்த உண்மையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பொறுமையாகச் சோதித்து, எண்களால் நிறுவியவர் ஆகுஸ்ட் வோலர். ஜெர்மானிய ரயில்வே பொறியாளர். இயந்திரப் பொறியியல் படிக்கும் மாணவர் எவரும் 'வோலர் வளைகோடு' என்ற பெயரைக் கடக்காமல் பட்டம் பெறுவதில்லை. ஆனால், பொறியியல் கல்லூரிகளின் மதில்களுக்கு வெளியே அவரை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்றவனுக்கு இரும்போடு என்ன உறவு என்று கேட்கலாம். நான் வசிப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். பாடலாத்ரி நரசிம்மர் குடைவரைக் கோயில் தந்த பெயர் அது. இன்று அந்த ஊரின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருவது, அங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் அதன் இருபுறமும் எழுந்துள்ள தொழிற்சாலைகளும்தான். என்னிடம் பொருளாதாரம் படித்தவர்களில் சிலர் அந்த ஆலைகளின் கணக்குப் பிரிவிலும் கொள்முதல் பிரிவிலும் பணியாற்றுகிறார்கள். அவர்களில் ஒருவர், இயந்திரத் தேய்மானத்தை எப்படிக் கணக்கிடுவது என்ற பழைய வகுப்பறைக் கேள்வியுடன் என்னிடம் வந்தபோது, விடை தேடிய வழியில் எனக்கு அறிமுகமானவர்தான் வோலர்.

1819 ஜூன் 22-ஆம் தேதி, அன்றைய ஹனோவர் அரசின் சோல்ட்டாவ் என்ற சிற்றூரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார் வோலர். ஹனோவரின் உயர்நிலைத் தொழிற்கல்விக் கூடத்தில் பயின்றார். பின்னர் பெர்லினில் ரயில் இயந்திரங்களைத் தயாரித்துப் புகழ்பெற்றிருந்த போர்சிக் ஆலையில் பணி. ரயில்வே என்பதே புதிதாக இருந்த காலம் அது. இயந்திரத்தை வரைபடத்தில் மட்டும் அறிந்தால் போதாது என்று பெல்ஜியத்துக்குச் சென்று ரயில் ஓட்டுநராகப் பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பி ஹனோவர் ரயில்வேயில் ரயிலும் ஓட்டினார். பிற்காலத்தில் அவர் செய்த ஆய்வின் போக்கைப் பார்த்தால், ஓடும் வண்டியின் அதிர்வை உடலால் அறிந்தவர் அவர் என்பது விளங்கும்.

1847-இல், ஓடர் நதிக்கரையில் உள்ள பிராங்க்பர்ட் நகரில், கீழ் சிலேசிய-மார்க்கிஷ் ரயில்வேயின் வண்டிகளுக்கும் பணிமனைக்கும் பொறுப்பாளராக வோலர் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 28. அந்த ரயில்வே 1852-இல் பிரஷ்ய அரசின் உடைமையாயிற்று. வோலரின் நீண்ட ஆய்வு நடந்தது அங்கேதான்.

அந்த ஆய்வுக்கான அவசியத்தை உலகுக்கு உணர்த்தியது ஒரு பெருவிபத்து. 1842 மே 8-ஆம் தேதி, வெர்சாயில் விழாவைக் கண்டுவிட்டு பாரீஸ் திரும்பிக்கொண்டிருந்த மக்கள் நிறைந்த ரயில், மியூதோன் அருகே தடம் புரண்டு தீப்பற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உலகைச் சுற்றிவந்த கடலோடி துய்மோன் துர்வில் தம் குடும்பத்தோடு இறந்ததும் அதில்தான். காரணம், ரயில் இயந்திரத்தின் அச்சு ஒன்று முறிந்தது. அந்த அச்சின் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றப்படவில்லை. முந்தைய நாள்களில் தாங்கிய அதே சுமையைத்தான் அன்றும் தாங்கியது.

அக்காலப் பொறியாளர்கள் இதற்குச் சொன்ன விளக்கம் விந்தையானது. ஓடி ஓடி அதிர்வதால் இரும்பின் நார்த்தன்மை மறைந்து, அது உப்புக்கல்லைப் போலப் படிகமாக மாறிவிடுகிறது என்றார்கள். முறிந்த பரப்பு பளபளவென்று மணிமணியாகத் தெரிந்ததே அந்த நம்பிக்கைக்கு அடிப்படை. உண்மையில் இரும்பு எப்போதுமே படிகங்களால் ஆனதுதான். ஓட்டம் அதை மாற்றுவதில்லை.

அயர்வை முதலில் கவனித்தவர் வோலர் என்று சொல்வதற்கில்லை. அதே ஹனோவர் அரசின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஆல்பெர்ட், வாளி தூக்கும் சங்கிலிகள் ஏன் அறுகின்றன என்று அறிய அவற்றை மீண்டும் மீண்டும் இழுத்துச் சோதித்து, 1837-இல் முடிவுகளை வெளியிட்டிருந்தார். பிரிட்டனில் ராங்கின், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, விரிசல் ஒரு மூலையில் தொடங்கி மெல்ல உள்நோக்கி வளர்கிறது என்று 1843-இல் எடுத்துரைத்தார். மற்றவர்கள் கவனித்ததை வோலர் அளந்தார். அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

அவர் எடுத்துவைத்த முதல் அடியே ஒரு நிர்வாகிக்கு உரியது. ஓர் அச்சு எதைத் தாங்கும் என்று கேட்பதற்கு முன்பாக, ஓடும் வண்டியில் அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். அச்சு எந்த அளவு வளைகிறது என்பதைத் தகட்டில் கீறிப் பதிவு செய்யும் எளிய கருவியை உருவாக்கி, வண்டிகளில் பொருத்தி, அவற்றைப் பாதையில் ஓடவிட்டார். அந்த அளவீடுகளை 1858-இலும் 1860-இலும் வெளியிட்டார். மின்னணு உணர்விகள் இல்லாத காலத்தில், உண்மையான பயணத்தில் உண்மையான சுமையை அளந்த முயற்சி அது.

அதிலிருந்து அவர் வந்தடைந்த கருத்து, பொருளாதாரம் படித்த என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அச்சின் முனைகள் உராய்ந்து தேய்வதைக் கொண்டு பார்த்தால், அதன் பயன்பாட்டுக் காலம் 2,00,000 மைல் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால், அந்தத் தொலைவுக்குள் நேரக்கூடிய வளைவுகளைத் தாங்கினால் அதற்குப் போதும் என்றார் அவர். ஒரு பொருள் என்றென்றும் நிலைக்க வேண்டியதில்லை. குறித்த ஆயுளுக்கு உறுதியாக நிலைத்தால் போதும். ஆனால், அந்த ஆயுள் எவ்வளவு என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். வரையறுத்த ஆயுளுக்கு வடிவமைக்கும் சிந்தனை இப்படித்தான் பிறந்தது.

அடுத்து அவர் சோதனைப் பொறிகளை உருவாக்கினார். எடை தொங்கவிடப்பட்ட அச்சு சுழன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் மேற்பரப்பில் உள்ள ஒரு புள்ளி ஒரு முறை இழுபடும், ஒரு முறை நெரிபடும். முறியும்வரை சுற்ற வேண்டும். சுற்றுகளை எண்ண வேண்டும். பிறகு எடையைக் குறைத்துப் புதிய அச்சைப் பொருத்தித் திரும்பவும் தொடங்க வேண்டும். வளைப்பதற்கு ஒன்று, இழுப்பதற்கு ஒன்று, முறுக்குவதற்கு ஒன்று எனப் பொறிகள் பெருகின. நிமிடத்துக்கு 70 சுற்று என்று கொண்டால், 10 லட்சம் சுற்றுகளுக்குப் பத்து நாள் ஆகும். ஒரு கோடிக்கு நூறு நாள். அவருடைய சோதனைத் துண்டுகள் சில கோடிக்கணக்கான சுற்றுகளைக் கண்டவை. அந்தப் பொறுமையின் அளவை இதிலிருந்து ஊகிக்கலாம்.

1870-இல் வெளியான இறுதி அறிக்கையில் அவர் கூறிய முடிவுகள் எளியவை. ஒரே முறை இழுத்து முறிக்கத் தேவையான விசையைவிட மிகக் குறைந்த விசையும், பல முறை திரும்பத் திரும்பச் செயல்பட்டால், உலோகத்தை முறிக்கும். அதில் முதன்மையானது விசையின் உச்சம் அன்று. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையிலான வீச்சு. வீச்சு குறையக் குறைய, தாங்கும் எண்ணிக்கை கூடும். இரும்பைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட வீச்சுக்குக் கீழே எத்தனை முறை சுழற்றினாலும் முறிவு காணப்படவில்லை. அச்சின் தடிமன் திடீரென்று மாறும் கூர்மூலைகள் அதன் வலிமையைப் பெரிதும் குறைக்கின்றன என்பதையும் அவர் சோதித்துக் காட்டினார்.

இதை விளங்கிக்கொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. கட்டடம் கட்டும் இடத்தில் கம்பி கட்டுபவரைக் கவனித்திருப்போம். கட்டுக்கம்பியை அவர் இழுத்து அறுப்பதில்லை. எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அது கையால் முடியாது. இப்படியும் அப்படியுமாகச் சில முறை வளைக்கிறார், கம்பி துண்டாகிறது. வலுவாக மடக்கினால் சில முறையில் முறியும். இலேசாக மடக்கினால் பல முறை தேவைப்படும். வோலரின் அட்டவணைகள் சொல்வது சாரத்தில் இதுதான்.

'அட்டவணைகள்' என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று அவர் பெயரால் வழங்கும் வளைகோட்டை அவர் வரையவே இல்லை. முடிவுகளை அட்டவணைகளாகவே தந்தார். அவற்றைக் கோடாக வரைந்தவர் அவருக்குப் பின் அந்தச் சோதனைகளைத் தொடர்ந்த ஸ்பாங்கன்பெர்க். அதற்கு 'வோலர் வளைகோடு' என்ற பெயர் நிலைபெற்றபோது வோலர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

1867-இல் பாரீஸ் உலகக் கண்காட்சியில் அவருடைய சோதனை முடிவுகள் காட்சிக்கு வைக்கப்பட்டன; இலண்டன் பொறியியல் இதழ் வழியாக ஆங்கில உலகமும் அவற்றை அறிந்தது. 1874-இல் அவர் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்று, அல்சேஸ்-லொரேன் அரசு ரயில்வேயின் இயக்குநர் குழுவில் பொறுப்பேற்றார். 1889-இல் ஓய்வு. 1914 மார்ச் 21-ஆம் தேதி ஹனோவரில் 94 வயதில் காலமானார்.

அவர் வாழ்வின் பிற்பகுதியில் நடத்திய ஒரு போராட்டம் அதிகம் பேசப்படுவதில்லை. இரும்பையும் எஃகையும் தரவாரியாக வகைப்படுத்த வேண்டும். அந்தத் தரத்தை அரசுச் சோதனைக்கூடங்கள் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். எஃகு ஆலை முதலாளிகள் இதை விரும்பவில்லை. தங்கள் பொருளின் தரத்தை வாங்குபவர் சோதிப்பதா என்ற மனக்குறை அவர்களுக்கு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாமல் இருந்தால் சந்தை சீராக இயங்காது என்பதை, பொருளாதார நூல்கள் அதை ஒரு கோட்பாடாக எழுதுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு ரயில்வே பொறியாளர் நடைமுறையில் உணர்ந்திருந்தார்.

அச்சை ஆராய்ந்தவருக்கும் ஒரகடம் சாலையில் நிற்கும் கொதிகலன்களுக்கும் என்ன தொடர்பு? சுழலும் அச்சு ஒரு சுற்றில் அனுபவிப்பதை, அழுத்தக்கலன் ஒரு முறை நிரம்பிக் காலியாகும்போது அனுபவிக்கிறது. நீராவியோ காற்றோ உள்ளே ஏறும்போது கலனின் சுவர் விரிகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. அதுவும் ஒரு சுற்றுதான். அச்சு ஒரு நிமிடத்தில் காணும் எண்ணிக்கையைக் கலன் காண மாதங்கள் ஆகலாம். ஆனால், கணக்கு அதே கணக்கு.

இதற்கு வரலாறு தந்த சான்று கொடியது. 1905 மார்ச் 20-ஆம் தேதி, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்தது. கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் உயிரிழந்தனர். தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தறையாணி அடித்த மூட்டில் கண்ணுக்குப் புலப்படாமல் வளர்ந்திருந்த விரிசல்தான் காரணம். அப்படி இணைக்கப்பட்ட கலன் சரியான வட்டமாக இருக்காது. ஆகவே ஒவ்வொரு முறை அழுத்தம் ஏறும்போதும் அந்த மூட்டு சற்றே வளைந்து நிமிரும். நம் கம்பி கட்டுபவரின் கைவேலையை நீராவி செய்தது. இந்தத் துயரத்தின் விளைவாக அந்த மாநிலம் 1907-இல் கொதிகலன் விதிகளை இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் கொதிகலன் நெறிமுறையும் அதைத் தொடர்ந்தே பிறந்தது.

விமானத்தின் உடலும் ஓர் அழுத்தக்கலன்தான் என்பதை 1954-ஆம் ஆண்டு உலகம் கற்றது. பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, ஜனவரியிலும் ஏப்ரலிலும், மத்தியதரைக் கடலின் மேல் நடுவானில் சிதறின. ஒவ்வொரு பயணத்திலும் அறைக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்குகிறது. பார்ன்பரோவில் ஒரு காமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். பயணங்களின் எண்ணிக்கை 3,000-ஐச் சற்றுத் தாண்டியபோது அது பிளந்தது. திறப்பு ஒன்றின் மூலையில் தொடங்கிய விரிசல் அது. கூர்மூலைகளைப் பற்றிய வோலரின் எச்சரிக்கை அப்போது எண்பது ஆண்டுகளைத் தாண்டியிருந்தது.

அழுத்தத்தோடு வெப்பமும் மாறும்போது சிக்கல் கூடுகிறது. காய்ந்த வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் குளிர்ந்த நீரை ஊற்றாதே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கல்லின் ஒரு பகுதி சுருங்க முயல, மறு பகுதி விடாமல் பிடித்துக்கொள்ள, கல் விரிசல் விடும். தடித்த சுவருடைய கலனிலும் இதுவே நிகழ்கிறது. சூடான நீராவி பாயும்போது உட்பக்கம் முதலில் விரிய முனைகிறது. இன்னும் குளிர்ந்திருக்கும் வெளிப்பக்கம் அதைத் தடுக்கிறது. குளிரும்போது இந்த இழுபறி தலைகீழாகிறது. சுவரைத் தடிமனாக்கினால் அழுத்தத்தைத் தாங்கும் திறன் கூடும்; ஆனால், வெப்ப இழுபறியும் கூடும். ஆகவே, தடித்த கலன் எல்லா வகையிலும் பாதுகாப்பானது என்று எண்ணிவிட முடியாது. எவ்வளவு விரைவாகச் சூடாக்குகிறோம், எவ்வளவு விரைவாகக் குளிரவிடுகிறோம் என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

1950-களின் தொடக்கத்தில் காஃபின், மேன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், வெப்ப மாற்றத்தால் விளையும் இத்தகைய அயர்வுக்குத் தனித்தனியே சூத்திரம் கண்டார்கள். சுற்றுகள் எல்லாம் ஒரே அளவாக இல்லாதபோது அவற்றை எப்படிக் கூட்டுவது என்ற கேள்விக்கு, ஸ்வீடனின் பாம்கிரேன் 1924-இலும், அமெரிக்காவின் மைனர் 1945-இலும் வழி சொன்னார்கள். அது வங்கிக் கணக்கைப் போன்றது. கலன் பிறக்கும்போதே அதன் கணக்கில் ஓர் ஆயுள் இருப்பு வைக்கப்படுகிறது. சிறிய சுற்று சில்லறையை எடுக்கிறது. குளிர்நிலையிலிருந்து முழுச்சூட்டுக்குப் போகும் பெரிய சுற்று பெருந்தொகையை எடுக்கிறது. இருப்பு தீரும் முன் கலனை ஓய்வுக்கு அனுப்ப வேண்டும். 1963-இல் அணுஉலைக் கலன்களுக்கான அமெரிக்க நெறிமுறை இந்தக் கணக்கை வடிவமைப்பின் பகுதியாக்கியது. வோலரின் 2,00,000 மைல் அங்கே புது வடிவம் பெற்றது.

இதன் உயர்ந்த நிலையைக் காண நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே கல்பாக்கம் இருக்கிறது. அங்குள்ள வேக ஈனுலைகளில் வெப்பத்தை ஏந்திச் செல்வது உருகிய சோடியம். சோடியம் கொதிநிலைக்கு வெகு கீழே இருப்பதால் உலைக்கலனில் அழுத்தம் மிகக் குறைவு. ஆனால், 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பமும், உலை திடீரென நிறுத்தப்படும்போது அந்த வெப்பம் விரைந்து இறங்குவதும் உலோகத்தை வாட்டும். எனவே, உயர்வெப்பத்தில் எஃகின் அயர்வு என்பது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்றாக இருந்துவருகிறது.

கல்பாக்கத்தில் எண்ணப்படும் சுற்றுகள், அதே மாவட்டத்தின் சிறு பட்டறைகளில் எண்ணப்படுகின்றனவா என்பதே என் கவலை. எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். டயரை வார்ப்பில் வைத்து நீராவியால் பதப்படுத்தும் அச்சுப்பொறி, ஒரு காரின் டயருக்கு 12 நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 120 சுற்று. 300 வேலை நாள்களில் 36,000. பழைய லாரி டயர்களுக்குப் புதுப்பட்டை ஒட்டும் பட்டறையின் வெப்பக்கலன், ஒரு நாளைக்கு மூன்று முறை மூடித் திறக்கப்பட்டால் ஆண்டுக்கு 900 சுற்று. வாரம் ஒரு முறை மட்டும் அணைக்கப்படும் கொதிகலனுக்கு ஆண்டுக்கு 52 சுற்று. பத்து ஆண்டுகளில் முதலாவது 3,60,000, இரண்டாவது 9,000, மூன்றாவது 520.

மூன்றுக்கும் வயது ஒன்றே; வாழ்ந்த வாழ்க்கை வேறு. ஆனால், நம் ஆய்வு முறை பெரும்பாலும் நாள்காட்டியைப் பார்த்தே நடக்கிறது. கொதிகலன்களுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த ஆண்டுச் சான்றிதழ் முறை. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்துள்ளது. பிற அழுத்தக்கலன்களுக்கு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 31-ஆம் பிரிவு வகுத்திருந்த வழியில், குறித்த மாத இடைவெளிகளில் ஆய்வு. இவை எண்ணற்ற உயிர்களைக் காத்த ஏற்பாடுகள். குறைத்து மதிப்பிட வேண்டியவை அல்ல. ஆனாலும், மாதங்களைக் கணக்கில் கொள்ளும் அந்த ஆய்வில் சுற்றுகளுக்கும் ஓர் இடம் வேண்டும்.

கலனில் நீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்க்கும் சோதனையில் தேறிவிட்டால் போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அந்தச் சோதனை இன்றைய வலிமையைக் காட்டும். முறிக்கும் அளவுக்கு இன்னும் வளராத விரிசல் அதில் தப்பிவிடலாம். ஒரு முறை தாங்கிய சுமையே பல முறை வந்தால் முறிக்கும் என்பதுதானே வோலர் கண்டது. கலனின் இணைப்புக் குழாய் சேரும் பற்றவைப்பு, கதவின் பூட்டுப் பற்கள், தகடு திரும்பும் மூலை ஆகிய இடங்களில் மீயொலியாலும் சாயம் ஊடுருவும் முறையாலும் விரிசலைத் தேடுவது வேறு வகைச் சோதனை. எந்தக் கலனுக்கு அது எப்போது தேவை என்பதைச் சுற்று எண்ணிக்கை தெரிந்தால்தான் முடிவு செய்ய முடியும்.

இனி என் துறைக்கு வருகிறேன். வகுப்பறையில் நாங்கள் தேய்மானத்தை ஆண்டுகளால் வகுத்தே கற்பித்தோம். பத்து லட்சம் ரூபாய் இயந்திரம், பத்து ஆண்டு ஆயுள், ஆண்டுக்கு ஒரு லட்சம் தேய்மானம். வரிக் கணக்குக்கு இது வசதியானது. ஆனால், இயந்திரத்தை இன்று பயன்படுத்துவதால் அதன் நாளைய மதிப்பில் எவ்வளவு இழக்கிறோம் என்பதைத் தனிச் செலவாகக் கருத வேண்டும் என்று கெயின்ஸ் 1936-இல் எழுதினார். 'பயன்பாட்டுச் செலவு' என்று அதற்குப் பெயர். வோலரின் அட்டவணைகள் அந்தச் செலவை உலோகத்துக்குக் கணக்கிட்டுத் தருகின்றன.

பயன்படுத்தப்பட்ட பொருள்களின் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாவிட்டால் நல்ல பொருளும் விலை இழக்கும் என்று அகெர்லாப் 1970-இல் விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் பழைய கார். காருக்காவது ஓடிய தொலைவைக் காட்டும் மீட்டர் உண்டு. கைமாறும் பழைய அழுத்தக்கலனுக்கு அதுவும் இல்லை. வர்ணம் புதிதாகப் பூசப்பட்டிருக்கும். உற்பத்தி ஆண்டு தகட்டில் இருக்கும். எத்தனை முறை சூடாகிக் குளிர்ந்தது என்பது மட்டும் எங்கும் இருக்காது. வாங்குபவர் சிறு முதலீட்டாளர். அதன் அருகில் நின்று வேலை செய்பவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளி. தகவல் இல்லாமையின் விலையைக் கடைசியில் கொடுப்பவர் அவர்தான்.

இதே கேள்வி பெரிய அளவில் மின்துறையிலும் எழுந்துள்ளது. நம் அனல்மின் நிலையங்கள் பல, இரவும் பகலும் ஒரே சீராக ஓடுவதற்கென வடிவமைக்கப்பட்டவை. இன்று பகலில் சூரிய மின்சாரம் பெருகும்போது அவை தணிய வேண்டும். மாலையில் மீண்டும் விரைந்து ஏற வேண்டும். நிலக்கரி மின் அலகுகள் படிப்படியாக 40 சதவீத உற்பத்தி வரை இறங்கி இயங்கும் திறன் பெற வேண்டும் என மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. தூய மின்சாரத்துக்கு இது தேவையான மாற்றம், ஐயமில்லை. ஆனால், ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் கொதிகலனின் உருளைகளிலும் தலைக்குழாய்களிலும் ஒரு சுற்று. அந்த ஆயுள் இழப்பை மின்கட்டணத்தில் யார் கணக்கில், எவ்வளவு எழுதுவது என்பதை இப்போதே தெளிவாக்காவிட்டால், அது பராமரிப்புச் செலவாகவோ எதிர்பாராத பழுதாகவோ பின்னாளில் வந்து நிற்கும்.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. அடிக்கடி ஏறி இறங்கும் ஒவ்வோர் அழுத்தக்கலனிலும் சுற்றுகளை எண்ணும் கருவி ஒன்றைப் பொருத்துவதைக் கட்டாயமாக்கலாம். ஓர் அழுத்த உணர்வியும் ஓர் எண்ணியும் போதும். வடிவமைத்தவர் அனுமதித்த மொத்தச் சுற்றுகளை உற்பத்தித் தகட்டிலேயே பொறிக்கலாம். கலன் கைமாறும்போது அந்தப் பதிவேடும் உடன் செல்ல வேண்டும். பதிவேடு இல்லாத கலனுக்கு முழு விரிசல் சோதனை முடிந்த பிறகே அனுமதி என்று விதிக்கலாம். காலமும் எண்ணிக்கையும் இரண்டில் எது முதலில் எட்டினாலும் ஆய்வு என்ற முறை, மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்க விடுவதில் நமக்கு ஏற்கெனவே பழகியதுதான். சிறு தொழிற்கூடங்களுக்கு இந்தச் சோதனையை மலிவாகச் செய்துதரும் பொது ஆய்வகம் ஒன்றை, இவ்வளவு ஆலைகள் கூடியுள்ள ஒரகடம் பகுதியில் அரசு அமைத்தால், அரசுச் சோதனைக்கூடங்களுக்காக வோலர் வாதிட்டதன் பொருளை நாம் உணர்ந்தவர்களாவோம்.

வோலருக்குக் கிடைத்த ஒரு வாய்ப்பையும் இங்கே சொல்ல வேண்டும். அரசுடைமையான ஒரு ரயில்வே, தன் பொறியாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் அச்சுகளைச் சுழற்றி உடைத்துக்கொண்டிருப்பதை அனுமதித்தது. அந்த ஆண்டின் வரவு செலவில் அதற்கு வருவாய் ஏதும் இருந்திருக்காது. முறியாமல் ஓடிய அச்சுகளையும், நேராமல் போன விபத்துகளையும், உயிரோடு வீடு திரும்பிய பயணிகளையும் எந்தக் கணக்கேட்டிலும் வரவு வைக்க முடியாது. பொதுநலனில் முதலீடு என்பதன் இயல்பே அது.

விபத்து நடந்த பிறகு விசாரணைக் குழு அமைப்பதும் இழப்பீடு அறிவிப்பதும் நமக்குப் பழகிப்போனவை. விபத்துக்கு முன்பாகச் சுற்றுகளை எண்ணிக் குறித்துவைப்பது அவற்றைவிடச் செலவு குறைந்தது. அதைத் தொடங்குவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. கணக்கு 1870-லேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது.